பட்டைக்குப் பின்னால் ஒயர் இல்லை

தடைக்காலம் முடிந்த முதல் வாரம். பாம்பன் கரையில் காலை பத்து மணிக்கே மணல் சுட ஆரம்பித்திருந்தது. ஒரு விசைப்படகில் கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் பழுது என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பும்போது தம்பி நடத்திய ஏலத்துக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பி என்றால் சித்தப்பா மகன். சித்தப்பாவுக்குப் பிறகு கமிஷன் கடையை அவன்தான் பார்க்கிறான். கணவாய், நகரை, பாறை என்று கூறு கூறாகக் கொட்டிக் கிடந்தது. விலை நின்றதும் எடையையும் விலையையும் பெருக்கி, எம் பிளஸ் அழுத்திக் கூட்டலில் சேர்த்துவிட்டு, அடுத்த கூறுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஐந்தாவது கூறில் எண்கள் மங்கின. அவன் பதறவில்லை. குடை நிழலை விட்டு ஓர் எட்டு வெளியே வந்து, கால்குலேட்டரின் தலைமாட்டில் இருந்த கறுப்பு சோலார் பட்டையை வெயிலுக்குக் காட்டினான். ஒரு நொடி, இரண்டு நொடி. திரை வெளுத்தே இருந்தது. பட்டையைக் கைலியில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினான். "என்னப்பா, கணக்கச் சொல்லு" என்று வியாபாரிகள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். போனை எடுத்தான். மீன் ஈரம் பட்ட விரலுக்கு அது மசியவில்லை. கடைசியில் பேனாவை வாங்கி அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக் கூட்டினான்.

எனக்கு உறுத்தியது கால்குலேட்டர் நின்றுபோனது இல்லை. அதை அவன் வெயிலுக்குக் காட்டிய விதம். முழங்கையை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டை மட்டும் மேல்நோக்கித் திருப்பி, முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து. அச்சு அசல் சித்தப்பா. முப்பது வருஷம் அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்து அவன் உடம்பில் ஏறிய பழக்கம் அது. சித்தப்பா அப்படிக் காட்டிய ஒரு நாளும் எண்கள் வராமல் இருந்ததில்லை. அதனால்தான் தம்பி துடைத்துவிட்டு இரண்டாவது தரமும் காட்டினான். நம்பிக்கை இல்லாதவன் இரண்டாவது தரம் காட்டமாட்டான்.

அன்று சாயங்காலமே அந்தக் கால்குலேட்டரை வாங்கிவந்து என் மேசையில் திறந்தேன். பன்னிரண்டு இலக்கம், பெரிய பொத்தான்கள், பின்பக்கம் 'டூ வே பவர்' என்று அச்சு. சோலாரிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் என்று அர்த்தம். நாலு திருகாணி. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. சோல்டர் வைக்க இடமும் இல்லை. பழுப்பும் கறுப்புமாக அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பளபளப்பான ஒரு மூடி, அவ்வளவுதான். நிஜ சோலார் பட்டையில் தெரியும் மெல்லிய கோடுகளைக்கூட அந்தத் தாளில் பொறுமையாக வரைந்து வைத்திருந்தார்கள். மறுநாள் ராமநாதபுரத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது, அதை விற்ற கடைக்காரரிடம் காட்டினேன். சண்டை போடப் போகவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்துத்தான் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "பேட்டரியில ஓடுதுல்லண்ணே, அப்புறம் என்ன? பேட்டரிய மாத்துனா சரியாப் போச்சு" என்றார். நல்ல மனிதர். பேட்டரியும் சும்மா கொடுத்தார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேட்டரி போட்டால் ஓடத்தான் செய்கிறது. கூட்டல் தப்பவில்லை. பிறகு எனக்கு என்ன கஷ்டம்? அந்தக் கேள்வி ரெண்டு மாதமாக என்னோடு படகு படகாக ஏறி இறங்குகிறது.

கீழக்கரைக் காக்கா கொண்டுவந்த பெட்டி

சித்தப்பாவின் கால்குலேட்டர் எண்பதுகளின் நடுவில் வந்தது. கொடுத்தவர் கீழக்கரைக்காரர். சபராளி. சிங்கப்பூர் போய்வந்துகொண்டிருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும் சித்தப்பா கடையில்தான் எடுப்பார். நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவோம். ஒரு பெருநாளுக்கு முன்னால் வந்தவர், சட்டைப்பையில் அடங்காத ஒரு பெட்டியைக் கல்லாமேல் வைத்தார். ஒரு நோட்டுப்புத்தகம் அகலம், சாம்பல் நிறம், திரை பக்கம் லேசாகத் தூக்கி நிற்கும் உடம்பு. 'மேட் இன் ஜப்பான்'. சித்தப்பா முதலில் அதைக் குப்புறக் கவிழ்த்துப் பேட்டரி மூடியைத் தேடினார். மூடி இல்லை. "பேட்டரி எங்கிட்டுப் போடணும் காக்கா?" என்று கேட்டார். "பேட்டரியே கிடையாது தம்பி. வெளிச்சம் இருந்தாப் போதும்" என்றார் காக்கா. நான் அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. கல்லாவில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா உள்ளங்கையைப் பட்டைமேல் வைத்தார். எண்கள் கரைந்தன. கையை எடுத்தார். பூஜ்யம் திரும்பி வந்தது. அன்றைக்கு முழுக்க கடைக்கு வந்த ஒவ்வொருவரையும் அப்படிக் கை வைக்கச் சொன்னார்.

பேட்டரி இல்லை என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை, நடுவில் நாங்கள். எந்தக் காற்று அடித்தாலும் உப்பைக் கொண்டுதான் வரும். டார்ச் லைட்டில் பேட்டரி தொடும் ஸ்பிரிங் ஒரு மழைக்காலம் தாங்காது, பச்சைக் களிம்பு பிடித்து உதிர்ந்துவிடும். ரேடியோவும் அப்படித்தான். என் தொழிலில் இன்றைக்கும் பாதி வேலை சிப்பைப் பார்ப்பது இல்லை, உப்பைச் சுரண்டுவதுதான். கடலோரத்தில் ஒரு சாதனம் எங்கே முதலில் சாகும் என்று கேட்டால், பேட்டரி தொடும் இடத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த இடமே இல்லாத சாதனம் காக்கா கொண்டுவந்தது. அதில் ஆஃப் பொத்தான்கூடக் கிடையாது. வெளிச்சம் போனால் அதுவாகத் தூங்கும்.

சித்தப்பா அதை இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். வள்ளங்கள் இருட்டோடு கரைக்கு வரும் நாட்களில், கடையில் டியூப் லைட் வெளிச்சத்திலேயே கணக்குப் பார்ப்பார். கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ் பக்கம் நகர்த்துவார். வெயில் அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் எண்கள் கொஞ்சம் வெளிறினால் உடனே வாசலுக்கு வந்து வானத்துக்குக் காட்டுவார். அந்த அசைவைத்தான் தம்பி எடுத்துக்கொண்டான்.

பசியைக் குறைத்தவர்கள்

நான் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது, சோலார் கால்குலேட்டர் என்றால் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திறமை என்றுதான் நினைத்தேன். பிறகு வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தும் தேடிப் படித்தும்தான் விளங்கியது. அந்தப் பட்டை தருவது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. டியூப் லைட்டுக்குக் கீழே அது கொடுப்பது மைக்ரோவாட் கணக்கு. ஒரு வாட்டைப் பத்து லட்சம் பங்காகக் கூறு போட்டு, அதில் சில பத்துக் கூறுகள். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு இலக்கத்தைப் பெருக்கி, வகுத்து, திரையிலும் காட்ட வேண்டும். பெரிய வேலை நடந்தது பட்டையில் இல்லை. எதிர்ப்பக்கத்தில், அந்த மின்சாரத்தைச் சாப்பிடும் பக்கத்தில்.

எங்கள் பக்கத்தில் 1964 என்றால் புயல். டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போன வருஷம், பாம்பன் பாலம் உடைந்த வருஷம். வேறு எந்தச் சங்கதிக்கும் அந்த எண்ணை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில்லை. அதே 1964-ல்தான் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன தன் முதல் மேசைக் கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிஎஸ்-10ஏ என்று பெயர். எடை 25 கிலோ. ஒரு நல்ல ஐஸ் பெட்டிக் கனம். உள்ளே 530 டிரான்சிஸ்டர், 2,300 டயோடு. விலை 5,35,000 யென், அன்றைக்கு அங்கே ஒரு கார் வாங்கும் காசு. சுவரில் செருகினால்தான் ஓடும். ஐந்தே வருஷத்தில், 1969-ல், அதே நிறுவனம் அந்த ஆயிரக்கணக்கான துண்டுகளை அமெரிக்காவின் ராக்வெல் செய்துகொடுத்த நாலு சிப்புக்குள் அடக்கி, 99,800 யென்னுக்கு விற்றது. 1972-ல் கேசியோ 12,800 யென்னுக்கு ஒரு சின்னக் கால்குலேட்டரை இறக்கியது. கம்பெனிக்குக் கம்பெனி வெட்டுக்குத்துப் போட்டி. ஜப்பானில் அதைக் கால்குலேட்டர் போர் என்றே சொல்கிறார்கள்.

அந்தப் போரில் எனக்குப் பிடித்த கட்டம் 1973. அதுவரைக்கும் திரை என்றால் பெரும்பாலும் ஒளிரும் திரை. பச்சையாகவோ சிவப்பாகவோ எரியும். எரிகிறது என்றாலே மின்சாரம் போகிறது என்று அர்த்தம். ஷார்ப் அந்த வருஷம் கொண்டுவந்த இஎல்-805-ல் திரவப் படிகத் திரை வைத்தார்கள். நாம் எல்சிடி என்கிறோமே, அதுதான். இந்தத் திரை தானாக எரியாது. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை ஓர் இடத்தில் விடும், இன்னோர் இடத்தில் மறிக்கும். வாய்க்கால் மடை மாதிரி. மடையைத் திருப்பத்தான் மின்சாரம், தண்ணீர் ஓடுவதற்கு இல்லை. சிப்பையும் சிமாஸ் முறையில் செய்தார்கள். அந்த வகைச் சிப் ஒரு பொத்தானை அழுத்தி ஏதாவது மாறும்போது மட்டும்தான் மின்சாரம் இழுக்கும், சும்மா இருந்தால் மிகமிகக் கொஞ்சம். ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 100 மணி நேரம் ஓடியது அந்தக் கால்குலேட்டர். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தப் பசி இன்னும் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் பத்துப் பேருக்கு உலை வைத்தவள் ஒரு கைப்பிடி அரிசியில் நிறுத்துவது போல.

1976-ல் சோலார் வைத்த கால்குலேட்டர் வந்துவிட்டது, இஎல்-8026. ஆனால் அதில் சோலார் செல் உள்ளே இருந்த பேட்டரிக்குத்தான் ஊட்டியது. செல்களும் படிகச் சிலிக்கான். அது வெயிலுக்குத் தோதான சாமான். அறைக்குள் டியூப் லைட்டில் சுணங்கிவிடும். அமெரிக்காவில் ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் படிகமாக இல்லாத சிலிக்கானில் முதல் சோலார் செல்லைச் செய்துகாட்டியதும் அதே 1976-தான். வெயிலில் நூற்றுக்கு 2.4 பங்குதான் மின்சாரமாக மாறியது. கூரைக்கு ஆகாது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்குத்தான் அது நன்றாக மசியும். டியூப் லைட் தருவதும் அதே வெளிச்சம்தான். ஜப்பானில் சான்யோ இதைப் பிடித்துக்கொண்டது. 1980-ல் இந்தச் செல்லை உலகத்திலேயே முதலில் தொழிற்சாலை அளவில் செய்து, கால்குலேட்டருக்குள் வைத்தது.

அதைச் செய்யும் முறை எனக்கு எத்தனை தரம் படித்தாலும் அலுக்காது. கண்ணாடித் தகட்டின்மேல், வெளிச்சம் ஊடுருவும் ஒரு மின்கடத்திப் பூச்சு. அதை வெற்றிட அறைக்குள் வைத்து, சிலேன் என்ற வாயுவை உள்ளே விட்டு, மின்சாரத்தால் அதைக் கிளறினால், சிலிக்கான் பிரிந்து பனி விழுவது போல் கண்ணாடியில் படியும். படிவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஒரே கண்ணாடியில் நாலு செல்லாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் கோத்துவிடுவார்கள். அறை வெளிச்சத்தில் ஒரு செல் அரை வோல்ட், கொஞ்சம் கூட. நாலும் சேர்ந்தால் சிப்புக்கு வேண்டிய ஒன்றரை வோல்ட்டுக்கு மேலேயே வந்துவிடும். பழைய கால்குலேட்டரின் நெற்றியில் நாலு கட்டம் தெரிகிறதே, அது அலங்காரம் இல்லை, இந்தக் கணக்கு. தம்பியின் கால்குலேட்டரிலும் நாலு கட்டம் அச்சடித்திருந்தார்கள்.

கமுதிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் 2,500 ஏக்கருக்கு சோலார் தகடுகள், 648 மெகாவாட். 2016-ல் வந்தது. நம் மாவட்டத்து வெயிலைப் பற்றிப் பேசினால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு சித்தப்பா கல்லாவில் இருந்த அந்த நாலு கட்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

துண்டுக்குள் ஒரு சிவப்பு

சித்தப்பா இறந்த பிறகு அந்தக் கால்குலேட்டர் பழைய கணக்கு நோட்டுகளோடு பீரோவில் கிடந்தது. ஏழாம் எண் பொத்தான் விழவில்லை, திரையில் இரண்டு இலக்கம் அரைகுறை என்பதால் தம்பி புதிது வாங்கியிருந்தான். போலிப் பட்டையைப் பார்த்த மறுவாரம் சித்தியிடம் கேட்டு வாங்கிவந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பொத்தான்கள். வெளியிலிருந்து பார்த்தால் எண்கள் வெள்ளையாக அச்சடித்த மாதிரி இருக்கும். உள்பக்கம் திருப்பினால் அந்த வெள்ளை பொத்தானின் அடிவரை போகிறது. முதலில் வெள்ளை பிளாஸ்டிக்கில் எண்ணை வார்த்து, அதைச் சுற்றி சாம்பல் பிளாஸ்டிக்கை இன்னொரு தரம் வார்த்திருக்கிறார்கள். இரண்டு அச்சு, இரண்டு தரம் வார்ப்பு. அதனால் தேயத் தேய எண் அழியாது. கருவாட்டு உப்பும் மணலும் ஒட்டிய விரலால் இருபது வருஷம் அழுத்திய பூஜ்யம், கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது. எண் அப்படியே இருந்தது. தம்பியினுடையதில் இரண்டே வருஷத்தில் ஐந்தும் பூஜ்யமும் மறைந்து, அவன் இடத்தை வைத்துத்தான் அழுத்துகிறான்.

பழுது பெரிதாக ஒன்றும் இல்லை. பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பரில் கரித்துண்டு மாதிரி ஒரு கறுப்பு வட்டு இருக்கும். அது போர்டில் உள்ள கோடுகளைத் தொட்டால்தான் எண் விழும். ஏழுக்குக் கீழே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஐபிஏ என்ற ஆல்கஹாலைத் தொட்டுப் பஞ்சால் துடைத்தேன். திரையையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய நாடாவை லேசான சூட்டில் அழுத்தியதும் அரைகுறை இலக்கங்கள் முழுசாகிவிட்டன. பட்டையிலிருந்து வரும் இரண்டு ஒயரில் ஒன்று துருவேறிப்போய் இற்று நின்றது. அதை வெட்டிவிட்டு, புது ஒயர் வைத்து சோல்டர் அடித்தேன்.

சோல்டர் அடிக்கும்போதுதான் பார்த்தேன். ஒயர் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், போர்டில் சின்னதாக ஒரு எல்இடி. சிவப்பு. கால்குலேட்டருக்கு வெளியே எந்த ஓட்டையும் இல்லை, ஜன்னலும் இல்லை. மூடினால் இருட்டு. யாரும் பார்க்கமுடியாத இடத்தில் எதற்கு ஒரு விளக்கு? கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு பட்டையின் இரண்டு முனையிலும் அது இணைந்திருப்பதைப் பின்தொடர்ந்து பார்த்ததும் பிடிபட்டது. உடனே வாசலுக்குப் போனேன். மணி பன்னிரண்டு. தெருவில் ஒரு நிழல் இல்லை. போர்டைக் கையில் பிடித்து, பட்டையை மட்டும் வெளியே நீட்டி, தலையோடு சேர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்தேன். அந்த எல்இடி எரிந்துகொண்டிருந்தது. வெற்றிலைக் காவி மாதிரி ஒரு சிவப்பு, குண்டூசித் தலை அளவு. பட்டையைக் கையால் மறைத்தேன், அணைந்தது. எடுத்தேன், எரிந்தது. சித்தப்பா அன்றைக்குக் கல்லாவில் செய்த அதே விளையாட்டு. அது அவருக்கே தெரியாத ஓர் இடத்தில் இத்தனை வருஷமும் நடந்திருக்கிறது.

அது என்ன வேலை செய்கிறது என்றால், காவல். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். மேசைமேல் சில நூறு லக்ஸ் இருக்கும். நம் கரையில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அறையில் ஒன்றரை வோல்ட்டுக்குச் சொச்சமாக நிற்கும் அந்த நாலு செல், வெயிலில் மூன்று வோல்ட்டைத் தாண்டப் பார்க்கும். ஒன்றரை வோல்ட்டுக்குச் செய்த சிப் அதைத் தாங்காது. சிவப்பு எல்இடிக்கு ஒரு குணம். ஒன்று புள்ளி ஆறு வோல்ட் பக்கம் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் திறந்துகொண்டு, மிச்சத்தை எல்லாம் தான் குடித்துவிடும். குடித்ததை வெளிச்சமாக விட்டுவிடும். சிப்புக்குப் போவது ஏறாமல் நிற்கும். எங்கோ ஜப்பானில் மேசையில் உட்கார்ந்து இதை வரைந்த ஒருவர், இதை யாராவது ஒருநாள் நட்டநடு வெயிலில் கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்புக்காக ஒரு எல்இடி வைத்திருக்கிறார். அது வேலை செய்வதை வாங்குகிறவன் எந்தக் காலத்திலும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார். பாம்பன் என்ற ஊர் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சித்தப்பா மணிக்கட்டைத் திருப்பிய ஒவ்வொரு தரமும் அவர் அங்கே இருந்திருக்கிறார். துண்டுக்குள் இருந்து தலையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடைக்காரருக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். போலிப் பட்டை ஒட்டியவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். சில ரூபாய் மிச்சம். அதை நான் புரிந்துகொள்கிறேன். பட்டையே இல்லாமல் பேட்டரியில் ஓடும் கால்குலேட்டர் என்று விற்றிருந்தால் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. வாங்கியவன் பேட்டரி ஒன்றைக் கூடவே வைத்திருப்பான். ஆனால் இங்கே ஒருவர் யாரும் பார்க்காத இடத்தில் நிஜமான ஒன்றை வைத்தார். இன்னொருவர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பொய்யை வைத்தார். என் தம்பி அதை நம்பி, ஏலத்தின் நடுவில், பத்துப் பேர் முன்னால் துடைத்துத் துடைத்து வெயிலுக்குக் காட்டினான். பேட்டரி மாற்றினால் கால்குலேட்டர் சரியாகும். அவன் அப்பாவிடம் கற்றுக்கொண்ட ஒன்றைப் பொய்யாக்கியது எதை மாற்றினால் சரியாகும்?

வாங்கும்போது நீங்களும் பாருங்கள். பேட்டரி மூடி கையால் திறக்கும் வகை என்றால், கடையிலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நிஜப் பட்டை என்றால் எண் வரும். பட்டையைச் சாய்த்துப் பார்த்தால் கோடுகளுக்கு நடுவில் கருஞ்சிவப்போ பழுப்போ கலந்த கண்ணாடி ஆழம் தெரியும். அச்சடித்த தாளில் அந்த ஆழம் இருக்காது.

மேல் அம்புக்குறி

பழையதைச் சரிசெய்து தம்பியிடம் கொடுத்தேன். அவன் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கரைக்குக் கொண்டுபோகமாட்டேன் என்றான். "தொலைஞ்சு போச்சுன்னா அம்மா முகத்தப் பார்க்க முடியாதுண்ணே." அது சரிதான். அது இப்போது சித்தி வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. பாலுக்கும் கேபிளுக்கும் சித்தி அதில்தான் கணக்குப் பார்க்கிறார்.

தம்பியின் புதிய கால்குலேட்டருக்கு நான் வேறு ஒரு வழி பார்த்தேன். என் பழைய சாமான் டப்பாவில் திரை உடைந்த சோலார் கால்குலேட்டர்கள் நாலைந்து கிடந்தன. அதில் ஒன்றின் நிஜப் பட்டை, நாலு கட்டம், மீட்டரில் அறை வெளிச்சத்துக்கே இரண்டு வோல்ட் காட்டியது. அச்சுத்தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தை மட்டும் கொஞ்சம் அரம் போட வேண்டியிருந்தது. இரண்டு ஒயர், சின்னதாக ஒரு கெபாசிட்டர், அப்புறம் பழைய ரிமோட் ஒன்றிலிருந்து எடுத்த சிவப்பு எல்இடி ஒன்று, பட்டையின் இரண்டு முனைக்கும் குறுக்கே. பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டேன். மூடுவதற்கு முன்னால் வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு தரம் பார்த்தேன். எரிந்தது. பிறகு நாலு திருகாணியையும் முடுக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் ஒரு நாட்டுப்படகுக்குப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தான் தம்பி. டீசல், ஐஸ், படி எல்லாம் கழித்து, பாதி படகுக்கு, பாதி ஐந்து பேருக்கு. டியூப் லைட் வெளிச்சம்தான். எண்கள் தெளிவாக நின்றன. மேசைக் கால்குலேட்டர்களில் திரைக்குக் கீழே ஒரு சின்னத் தள்ளுவிசை இருக்கும், பார்த்திருப்பீர்கள். கீழ் அம்புக்குறி, 5/4, மேல் அம்புக்குறி. வகுத்துவரும் சில்லறையைக் கீழே தள்ளுவதா, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் ஏற்றுவதா, எப்போதும் ஏற்றுவதா என்று அது முடிவுசெய்யும். சித்தப்பா வியாபாரிக் கணக்குக்கு அதை 5/4-ல் வைப்பார். ஆட்களுக்குப் பங்கு போடும்போது மட்டும் மேல் அம்புக்குறிக்குத் தள்ளிவிடுவார். 2,617 ரூபாயை ஐந்தால் வகுத்தால் 523.40. தசம இடத்தைப் பூஜ்யத்தில் வைத்து, இந்த விசையும் மேலே இருந்தால் 524 என்று காட்டும். கூடப்போன மூன்று ரூபாய் கடைக் கமிஷனில் கழியும். "கடலுக்குப் போறவன் கணக்கு மேலதான் போகணும்" என்பார், அதற்குமேல் விளக்கமாட்டார்.

தம்பி பாதித் தொகையைத் திரையில் பார்த்தான். வெளியே ஐந்து பேர் மணலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டைவிரலால் அந்த விசையை மேலே தள்ளிவிட்டு, ஐந்தால் வகுத்தான்.